ஃபுளோரஸ் கிராமங்களுக்கு எந்த ஏடிஎம்மில் பணம் எடுப்பது?

இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் வாயே ரெபோ போன்ற மலைக்கிராமங்களுக்குப் போகிறவர்கள், லாபுவான் பாஜோவிலோ ருத்தெங்கிலோ '50.000' என்று ஒட்டியிருக்கும் ஏடிஎம்மில் பணம் எடுங்கள். அங்கே ஆயிரத்துக்குப் புள்ளிதான் வைப்பார்கள். ஐம்பது ரூப்பியா என்று நினைத்துவிட வேண்டாம்!

பல ஏடிஎம்களில் ஒரே மதிப்புள்ள நோட்டுதான் வரும். எது என்று இயந்திரத்தின் மேலேயே ஸ்டிக்கர் சொல்லிவிடும். சிவப்பு நிற 1,00,000 நோட்டை நீட்டினால் ஓஜெக் எனும் பைக் டாக்ஸிக்காரரும், வாருங் எனும் பெட்டிக்கடைக்காரரும் சில்லறைக்கு அலைவார்கள். நீல நிற 50,000 எளிதில் மாறும். அதையும் ஊரை விட்டுக் கிளம்பும் முன் பெட்ரோல், தண்ணீர் பாட்டில் வாங்கி 10,000, 5,000 என உடைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஆனால் மாத வாடகை, நில முன்பணம் மாதிரி பெரிய தொகைக்கு இது சரிவராது. ஒரு தடவைக்கு இத்தனை நோட்டு என்ற வரம்பு இருப்பதால், 50.000 இயந்திரத்தில் பாதித் தொகைதான் கிடைக்கும். வெளிநாட்டு அட்டை என்றால் ஒவ்வொரு தடவையும் கட்டணம் வேறு. அப்போது 100.000 இயந்திரமே லாபம்.