காடு வெட்டும் மெஷினின் கியர் பாக்ஸ்: கழற்றி மாட்டும்போது செய்கிற தவறுகள்

தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் சேர்ந்து கிடைக்கிற மாவட்டம் நம்முடைய கன்னியாகுமரி. ஒவ்வொரு மழை ஓய்ந்ததும் ரப்பர் விளையில் புல்லும் களையுமாகக் காடு இடுப்பளவு நிற்கும். அப்போது குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கமிருந்து பிரஷ் கட்டர்கள் என் பட்டறைக்கு வரும். "மக்களே, என்ஜின் கிடந்து கத்துது, பிளேடு கறங்க மாட்டேங்கு" என்பார்கள். திறந்து பார்த்தால் பல மெஷின்கள் விளையில் கெட்டவையே அல்ல. வீட்டுத் திண்ணையில் கழற்றி மாட்டியபோது கெட்டவை.

குழாயின் நுனியில் இருக்கும் அந்த அலுமினியப் பெட்டிதான் கியர் பாக்ஸ், ஹெட் என்றும் சொல்வோம். அதற்குள் ரெண்டு பெவல் கியர் (சாய்ந்த பல் சக்கரம்), அவற்றைத் தாங்கும் பேரிங்குகள், அவ்வளவுதான். குழாய்க்குள் ஓடும் ஷாஃப்ட் சின்ன கியரைச் சுற்றும், அது பெரிய கியரைச் சுற்றும், பெரியது பிளேடைச் சுற்றும்.

ஸ்பார்க் பிளக் மூடியை உருவாமல் பிளேடில் கை வைக்கக் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும், செய்கிறவர்கள்தான் குறைவு.

பிளேடு நட்டில்தான் முதல் சண்டை. அது இடதுமரை. வழக்கமான நட்டு இறுகும் திசையில், அதாவது வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் ஸ்பேனரில் ஒரு குழாயைச் சொருகி, ரெண்டு பேர் தொங்கி, மரையைத் தின்றுவிட்டு வருகிறார்கள். பிளேடு சுற்றாமல் பிடிக்க, பெட்டியின் காதில் இருக்கும் ஓட்டையில் சரியான ஆலன் கீயைச் சொருகுங்கள். கையில் கிடைத்த ஆணியைச் சொருகினால் அது வளைந்து, அலுமினியக் காதும் உடையும்.

அடுத்து, எனக்குக் கோபம் வரவைக்கிற தவறு. ஹெட்டை உருவுவதற்கு முன் அதன் விளிம்பை ஒட்டிக் குழாயில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். ஒரு ரூபாய்கூட ஆகாது. திரும்ப மாட்டும்போது ஹெட் அந்த டேப் வரை வந்து முட்ட வேண்டும். அரை இஞ்ச் முன்னால் நின்றால், ஷாஃப்ட்டின் பல் சின்ன கியருக்குள் விழவில்லை என்று அர்த்தம். இல்லையென்றால் ஹெட்டோடு ஷாஃப்ட்டும் வெளியே வந்து, மறுமுனை என்ஜின் பக்கத்து கிளட்ச் டிரம்மை விட்டு நழுவியிருக்கும். ஹெட்டை லேசாக அழுத்தியபடி பிளேடு பக்கத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் 'டக்'கென்று உள்ளே போகும். பொறுமை இல்லாதவர்கள் சுத்தியலை எடுப்பார்கள், அல்லது போல்ட்டை முறுக்கியே ஒப்பேற்றிவிடுவார்கள். நுனி மட்டும் கவ்விய பல் ரெண்டு மணி நேரம் ஓடும், பிறகு வழித்துப் போகும். அப்புறம் என்ஜின் கத்தும், பிளேடு கறங்காது.

பெரும்பாலான மாடல்களில் ஒரு போல்ட் குழாயில் இருக்கும் ஓட்டைக்குள் இறங்கும். அதை முதலில் பிடித்துவிட்டு, இறுக்கும் போல்ட்டை அப்புறம் முறுக்குங்கள். மாற்றிச் செய்தால் ஓட்டை நேருக்கு வராது, ஹெட் கோணலாக நிற்கும்.

புது ஹெட் வாங்கப் போனால் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். குழாய் 26 மில்லியா 28 மில்லியா, ஷாஃப்ட்டில் 7 பல்லா 9 பல்லா என்று பார்க்க வேண்டும். வெளியே ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பேரிங் மாற்றுகிறவர்களுக்கு என் கதையைச் சொல்கிறேன். தொழில் பழகிய நாளில் ஒரு பேரிங் வெளியே வராமல் அடி அடியென்று அடித்தேன். பெட்டி விரிசல் விட்ட பிறகுதான் கறுத்த கிரீஸுக்கு அடியில் சர்க்ளிப், அதாவது பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் வளையம், இருப்பதைப் பார்த்தேன். அன்றிலிருந்து முதலில் துடைப்பேன், பிறகு சர்க்ளிப்பை எடுப்பேன், அப்புறம் ஹீட் கன்னால் பெட்டியைச் சூடாக்குவேன். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். சூட்டோடு பலகையில் ரெண்டு தட்டு தட்டினால் பேரிங் தானாக விழும். புதியதை இறக்கும்போது வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும், உள் வளையத்தில் அடித்தால் குண்டுகள் அடிபடும். கியர் மாற்றுவதென்றால் ஜோடியாக மாற்றுங்கள். தேய்ந்த பல்லோடு புதுப் பல் ஒத்துப்போகாது.

இளம் ரப்பருக்கு ஊடே மண்ணை மூடும் பியூரேரியா கொடி விட்டிருப்பவர்கள் பிளேடுக்கு மேலே சுற்றிய நாரையும் அறுத்தெடுக்க வேண்டும். அது கிரீஸ் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலைத் தின்றுவிடும்.

கடைசியாக கிரீஸ். புட்டுக்குழலில் மாவு அடைப்பதுபோல் அமுக்கி அடைக்கிறவர்கள் உண்டு. ஓடும்போது சூடேறி விரிந்து, சீலைத் தள்ளிக்கொண்டு அது வெளியே வரும். லித்தியம் கிரீஸ், உள்ளே இடத்தில் மூன்றில் ரெண்டு பங்கு போதும். புது ஹெட்டானாலும் பக்கத் திருகைக் கழற்றி உள்ளே கிரீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிளேடைக் கையால் ரெண்டு சுற்று சுற்றி, கரகரப்பு இல்லையென்றால் பிளக் மூடியை மாட்டுங்கள். அரை ஆக்ஸிலேட்டரில் பத்து நிமிஷம் ஓட்டி அணைத்துவிட்டு, ஹெட் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்றால் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.