அப்டேட்டுக்குப் பிறகு லப்டொப்பின் மெமரி நிரம்பினால்: அளக்கும் முறையும் திருத்தும் முறையும்

விண்டோஸின் மாதாந்த அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளிவருகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது காலை 10 மணி. திருகோணமலையில் இரவு 10.30, அமெரிக்காவில் குளிர்காலம் என்றால் 11.30. ஆகவே இங்கே அதன் விளைவு தெரிவது பெரும்பாலும் புதன் காலையில்தான். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய லப்டொப் திறந்ததும் திணறும், ஃபேன் இரையும், மெமரி 85 வீதம் என்று காட்டும்.

அந்த நேரத்தில் ரேம் (மெமரிக்கான சிறு தகடு) வாங்கக் கடைக்குப் புறப்பட வேண்டாம். அப்டேட்டுக்குப் பின் மெமரி கூடுவது சில வேளை தானாக அடங்கும், சில வேளை இரண்டு செட்டிங்கை மாற்றினால் போகும், எப்போதாவதுதான் அது உண்மையான கோளாறு. எது என்று பிரித்துப் பார்க்காமல் புது ரேம் போட்டால் காசு போகும், திணறல் அப்படியே நிற்கும்.

அப்டேட்டுக்கு முன்பே ஓர் அளவு

மெமரி கூடிவிட்டது என்று சொல்ல, முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். லப்டொப் நல்லபடி ஓடும் ஒரு நாளில் ரீஸ்டார்ட் செய்து, எதையும் திறக்காமல் 10 நிமிடம் விடுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ், பிறகு மெமரி. அந்தத் திரையை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட் முடிந்த மறுநாள் இதே முறையில் இன்னொரு படம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே பாதி வைத்தியம்.

படத்தில் கவனிக்க வேண்டிய எண்கள் சில. 'இன் யூஸ்' என்பது இப்போது பயன்பாட்டில் உள்ள மெமரி. விண்டோஸ் 11 உள்ள 8 ஜிபி லப்டொப்பில் எதுவும் திறக்காமலே இது 3 முதல் 4 ஜிபி வரை நிற்பது வழமை. 'கேஷ்ட்' என்ற எண் பெரிதாக இருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. அடிக்கடி திறக்கும் கோப்புகளை விண்டோஸ் சும்மா கிடக்கும் ரேமில் வைத்திருக்கிறது, வேறு புரோகிராம் கேட்டவுடன் அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிடும்.

உண்மையில் பார்க்க வேண்டியது 'கமிட்டட்'. அங்கே 5.8/9.9 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் இன்னும் ஏறவில்லை, ஆனால் ஆசனம் புக் செய்தாகிவிட்டது. முதல் எண் அப்படிப் புரோகிராம்கள் புக் செய்த மொத்த மெமரி. இரண்டாவது எண் ரேமும், ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்த ஆசனங்கள். முதல் எண் இரண்டாவதை நெருங்கினால்தான் புரோகிராம்கள் தானாக மூடுவதும் 'மெமரி போதாது' என்ற செய்தி வருவதும் தொடங்கும். வீதக் கணக்கு 80ஐத் தாண்டியும் கமிட்டட் பாதியில் நின்றால் லப்டொப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

அதே திரையின் கீழே 'நொன்-பேஜ்ட் பூல்' என்று ஒரு சிறிய எண் உண்டு. விண்டோஸின் உட்பகுதியும் டிரைவர்களும் (வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்கள்) டிஸ்க்குக்கு நகர்த்தாமல் ரேமிலேயே வைத்திருக்கும் மெமரி அது. பலரும் கவனிக்காமல் விடும் எண் இது. படத்தில் அதுவும் தெளிவாக விழட்டும்.

முதல் நாள்: சார்ஜரில் விட்டு, பிறகு ரீஸ்டார்ட்

அப்டேட் பதிந்த பிறகும் பின்னால் வேலை முடிவதில்லை. டாஸ்க் மேனேஜரின் புரோசஸ் பட்டியலை மெமரி வாரியாக அடுக்கினால் மேலே மூன்று பெயர்கள் வந்து நிற்கலாம். பழைய கோப்புகளை ஒதுக்கும் 'விண்டோஸ் மொடியூல்ஸ் இன்ஸ்டோலர் வேர்க்கர்', மாறிய கோப்புகளை மறுபடி சோதிக்கும் 'அன்டிமால்வேர் சேவிஸ் எக்ஸிகியூட்டபிள்', தேடல் பட்டியலைப் புதுப்பிக்கும் 'சேர்ச் இன்டெக்ஸர்'. இவற்றை எண்ட் டாஸ்க் கொடுத்து நிறுத்தினால் அரைகுறையாக நின்று, அடுத்த முறை மறுபடி தொடங்கும். சார்ஜரில் செருகி, மூடியை மூடாமல், இரண்டு மூன்று மணி நேரம் சும்மா விடுங்கள். எஸ்எஸ்டி இல்லாமல் பழைய ஹாட் டிஸ்க்கில் ஓடும் லப்டொப்புக்கு ஒரு நாள்கூட எடுக்கும். மாரி காலத்தில் கரண்ட் நின்று நின்று வரும் நாட்களில், பேட்டரி பலவீனமான லப்டொப்பில் அப்டேட்டைத் தொடங்கவே வேண்டாம்.

அது முடிந்ததும் ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது இதற்கு ஈடாகாது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் லப்டொப்பில் ஷட் டவுன் கொடுக்கும்போது உங்கள் புரோகிராம்கள் மட்டும்தான் மூடுகின்றன. விண்டோஸின் உட்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதப்பட்டு, மறுநாள் அப்படியே மீளக் கொண்டுவரப்படுகின்றன. டிரைவர் ஒன்று பிடித்து வைத்த மெமரியும் அதோடு திரும்பி வரும். டாஸ்க் மேனேஜரில் சிபியூ பக்கத்தில் 'அப் டைம்' பாருங்கள். ஒவ்வோர் இரவும் ஷட் டவுன் செய்யும் லப்டொப் 14 நாள் என்று காட்டினால் காரணம் இதுதான். ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ஷட் டவுனைக் கிளிக் செய்தால் முழுமையாக அணையும்.

புதிதாகக் குடியேறியவை

மாதாந்த அப்டேட்டை விட ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய பதிப்புதான் மெமரியில் அதிக மாற்றத்தைக் கொண்டுவருகிறது. புதுச் செயலிகள் வந்து சேரும், நீங்கள் நிறுத்தி வைத்த சில மறுபடி ஓடத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப் அப்ஸ்' பக்கத்துக்குப் போய், நீங்கள் பயன்படுத்தாத டீம்ஸ், ஒன்டிரைவ், இசைச் செயலி போன்றவற்றை டிசேபிள் செய்யுங்கள். எட்ஜ் பிரவுசரைத் திறக்காமலே அது பட்டியலில் இருந்தால், அதன் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்பதை நிறுத்துங்கள். விட்ஜெட்ஸ் தேவையில்லை என்றால் டாஸ்க்பார் செட்டிங்ஸில் அதையும் எடுத்துவிடலாம்.

'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு அம்சமும் கொஞ்சம் மெமரி எடுக்கும். அதை நிறுத்தச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. நிறுத்தாதீர்கள். கிடைக்கும் மிச்சம் சிறிது, இழக்கும் காவல் பெரிது. 'ரேம் கிளீனர்' என்று விற்கப்படும் மென்பொருள்களும் வேண்டாம். அவை கேஷைக் காலி செய்து எண்ணைக் குறைத்துக் காட்டும், அடுத்த நிமிடம் விண்டோஸ் அதே கோப்புகளை டிஸ்க்கிலிருந்து மறுபடி ஏற்றும்.

உண்மையான கசிவு

ரீஸ்டார்ட் செய்து, எதையும் திறக்காமல், நொன்-பேஜ்ட் பூல் எண்ணை மணிக்கொரு தரம் குறித்துக்கொள்ளுங்கள். 300 எம்பி அளவில் நின்றால் நல்லது. 300, பிறகு 700, பிறகு 1.2 ஜிபி என்று ஏறிக்கொண்டே போனால் ஒரு டிரைவர் மெமரியை வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் இருக்கிறது. புரோசஸ் பட்டியலில் உள்ளவற்றையெல்லாம் கூட்டினாலும் இன் யூஸ் எண் வராது, இதுவும் அதன் அடையாளம். முதலில் சந்தேகிக்க வேண்டியவை வைஃபை டிரைவர், விபிஎன், தனியாகப் போட்ட வைரஸ் காவல் மென்பொருள்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வேர்க் அடாப்டர்ஸில் வைஃபை மீது இரட்டைக் கிளிக் செய்து, டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்துங்கள். அது மங்கலாக இருந்தால் லப்டொப் உற்பத்தியாளரின் தளத்தில் உங்கள் மொடலுக்கான டிரைவரை எடுத்துப் போடுங்கள். அதிலும் சரிவரவில்லை என்றால் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ். நீக்கியபின் 'போஸ் அப்டேட்ஸ்' ஒரு வாரம் கொடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் அன்றிரவே அது திரும்பி வந்துவிடும். விண்டோஸ் 11 ஐந்து வாரம் வரை நிறுத்த விடும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு நிற்கின்றன என்பதால் நீட்டிக்க வேண்டாம். பெரிய பதிப்புக்குப் பிறகு பழையதற்கே திரும்ப 10 நாள்தான் அவகாசம், அது ரிகவரி பக்கத்தில் 'கோ பேக்'.

சி டிரைவ் நிரம்பினாலும் இதே நோய்க்குறிகள் வரும். இடமில்லாவிட்டால் பேஜ் ஃபைல் வளர முடியாது. 15 ஜிபியாவது காலியாக வையுங்கள். ஸ்டோரேஜ் பகுதியில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' போய்த் துப்புரவாக்கும்போது 'டவுன்லோட்ஸ்' என்ற பெட்டியைத் தொட்டுவிடாதீர்கள், நீங்கள் இறக்கி வைத்த எல்லாமே அழிந்துவிடும்.

டொங்கிளிலோ ஃபோன் ஹொட்ஸ்பொட்டிலோ இணைபவர்கள் அந்த இணைப்பின் பக்கத்தில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' போடுங்கள். பெரிய அப்டேட்டுகள் டேட்டாவைத் தின்னாமல் காத்திருக்கும். வாரத்துக்கு ஒரு தரமாவது நல்ல வைஃபையில் இணைத்து அவற்றை இறக்கிவிடுங்கள்.

அப்டேட் மேல் விழும் வீண்பழி: உப்பும் சூடும்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம், உவர்மலை போன்ற கடலோர வீடுகளில் இன்னொரு காரணத்தையும் பார்க்க வேண்டும். மெமரிப் பக்கத்தின் மேல் வலது மூலையில் மொத்த ரேம் எழுதியிருக்கும். முன்பு 8.0 ஜிபி என்றிருந்தது இப்போது 4.0 என்றும், 'ஸ்லொட்ஸ் யூஸ்ட்' 2க்குப் பதிலாக 1 என்றும் காட்டினால் ஒரு ரேமின் தொடர்பு விட்டுப்போய்விட்டது. ரேமை லப்டொப் எண்ணிப் பார்ப்பது மறுபடி இயங்கத் தொடங்கும்போதுதான். அப்டேட் ரீஸ்டார்ட் கேட்ட நேரத்தில் விஷயம் வெளிப்படுவதால் பழி அப்டேட் மேல் விழுகிறது.

சார்ஜரைக் கழற்றி முழுமையாக அணைத்து, அடி மூடியைத் திறந்து, முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பை எடுங்கள். ரேமின் இரு பக்கமும் உள்ள கவ்விகளை விரல் நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் தானாகச் சாய்ந்து எழும். விளிம்பில் உள்ள பொன்னிறப் பற்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மங்கலோ, பச்சை படிந்த புள்ளியோ தெரிந்தால் ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் நனைத்த, நார் உதிராத துணியால் ஒரே திசையில் துடைத்து, 10 நிமிடம் உலரவிடுங்கள். பிறகு சாய்த்துப் பிடித்து, பற்கள் உள்ளே மறையும்வரை தள்ளி, கீழே அழுத்துங்கள். இரு கவ்வியும் 'டிக்' என்று பிடிக்க வேண்டும். பேட்டரியை இணைத்துத் திறந்ததும் ஸ்டார்ட்டில் 'விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக்' தேடி ஒரு முறை ஓடவிடுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் சூட்டிலும் லப்டொப் திணறும். மெமரி பாதியில் நிற்க, சிபியூ வேகம் மட்டும் 1 கிகாஹேட்ஸுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தால் ஃபேனில் தூசு பாருங்கள்.

ரேம் வாங்கத்தான் வேண்டுமென்றால்

விண்டோஸ் 11இன் ஆகக் குறைந்த தேவை 4 ஜிபி என்று எழுதியிருப்பது நிறுவுவதற்கான எல்லை மட்டும். பிரவுசரும் ஸூம் வகுப்பும் சேர்ந்து ஓட 8 ஜிபி வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால் பழைய 4 ஜிபி லப்டொப்பை மாற்ற நினைப்பவர்கள், 11ஐ அந்த லப்டொப் ஏற்குமா என்று பார்த்த பிறகே ரேமுக்குச் செலவழியுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் 'ஃபோம் ஃபக்டர்' எஸ்ஓடிஐஎம்எம் என்றிருந்தால் மாற்றலாம். 'ரோ ஒஃப் சிப்ஸ்' என்றால் போர்ட்டோடு ஒட்டியது, மாற்ற முடியாது. டிடிஆர்3எல், டிடிஆர்4, டிடிஆர்5 என்ற மூன்று ரேம் வகைகளுக்கும் பற்களுக்கு இடையே உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லொட்டில் மற்றது ஏறாது, அழுத்தினால் ஸ்லொட்தான் உடையும். பழைய ரேமையே கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். வேகம் வேறான இரண்டைச் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் குறைந்த வேகத்திலேயே இரண்டும் ஓடும்.