சால்மன் வறுக்க ஏற்ற எண்ணெயும் அதன் புகைநிலையும்

சால்மன் துண்டை வாணலியில் இட்டதும் சமையலறையில் புகை சூழ்ந்தால், பலரும் மீனைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் அந்தப் புகை எண்ணெயிலிருந்தே எழுகிறது. ஓர் எண்ணெய் தொடர்ந்து புகையத் தொடங்கும் வெப்பநிலையை அதன் புகைநிலை என்கிறோம். அந்த நிலையைத் தாண்டிச் சூடேறும்போது எண்ணெய் சிதைந்து, அதிலிருந்து பிரியும் கிளிசரால் என்னும் கொழுப்பின் கூறு, அக்ரோலின் என்னும் நெடியுள்ள ஆவியாக மாறுகிறது. கண்ணை எரியவைத்துத் தொண்டையைக் கமறச் செய்வதில் அதற்குப் பெரும் பங்குண்டு. மீனிலும் கசப்பு ஏறிவிடும்.

எந்த வித்திலிருந்து எடுத்த எண்ணெய் என்பதோடு, அது சுத்திகரிக்கப்பட்டதா என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். சுத்திகரிக்காத எண்ணெயில் தங்கியிருக்கும் நுண்துகள்களும் தனித்த கொழுப்பு அமிலங்களும் அதன் புகைநிலையைக் குறைக்கின்றன. சுத்திகரிக்காத வகையான எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் ஏறத்தாழ 190 முதல் 210 டிகிரி செல்சியஸில் புகையும்; சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயும் கடலை எண்ணெயும் சுமார் 230 டிகிரி வரை தாங்கும். வெண்ணெயோ, அதிலுள்ள பால் திடப்பொருள்கள் கருகுவதால், 175 டிகிரிக்குள்ளாகவே புகையத் தொடங்கிவிடும். ஒருமுறை பயன்படுத்திய எண்ணெயின் புகைநிலை முன்பிருந்ததைவிடக் குறைந்துவிடுவதால், அதைச் சால்மனுக்கு எடுக்காதீர்கள்.

மீனின் தோலை ஈரமே இல்லாதவாறு துணியால் ஒற்றி எடுங்கள். நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான், ஏனெனில் ஈரம் முழுவதும் ஆவியாகும்வரை தோல் மொறுமொறுப்பாகாது, எண்ணெயும் தெறிக்கும். உப்பை வறுப்பதற்குச் சற்று முன் தூவினால் போதும். மிதமான தீக்குச் சற்று மேலான சூட்டில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டு, அதன் மேற்பரப்பு நெளிந்து மினுங்கத் தொடங்கியதும், புகை எழும் முன்பே, தோல் கீழே இருக்குமாறு மீனை வையுங்கள். தோல் சுருங்கி வளையும் என்பதால் முதல் சில விநாடிகள் தட்டைக் கரண்டியால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள்.

பிறகு அதை அசைக்காமல், துண்டின் பக்கவாட்டைக் கவனியுங்கள்: கண்ணாடிபோன்ற ஆரஞ்சு நிறம் அடியிலிருந்து மேல்நோக்கி வெளிறிய இளஞ்சிவப்பாக மாறிக்கொண்டே வரும். இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள துண்டில் அந்த நிறமாற்றம் முக்கால் பங்கு உயரத்தை எட்ட ஐந்து அல்லது ஆறு நிமிடங்கள் ஆகும். தோல் தானாகவே வாணலியை விட்டு விலகும்போது திருப்பிப்போட்டு, மேலும் ஒன்றிரண்டு நிமிடங்கள் வேகவிடுங்கள். வெள்ளையாகத் திரண்டு வழிவது அல்புமின் என்னும் புரதம். அது மிகுதியாக வந்தால் சூடு கூடிவிட்டது என்று பொருள். பாதுகாப்புக்கு மீனின் நடுப்பகுதி 63 டிகிரியை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க அரசின் பரிந்துரை.

வெண்ணெயின் சுவை வேண்டுமென்றால், தீயைக் குறைத்துக் கடைசி நிமிடத்தில் சேருங்கள். மீனை இடும் முன்பே எண்ணெய் புகைந்துவிட்டால் அடுப்பை அணைத்து, நன்றாக ஆறியபின் அதைக் கொட்டிவிட்டு, வாணலியைத் துடைத்துப் புது எண்ணெயுடன் தொடங்குங்கள். எண்ணெயில் தீப்பற்றிக்கொண்டால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்து, மூடியால் வாணலியை மூடிவிடுங்கள்.