மலையக வீட்டுத் தோட்டத்தில் நாயும் பூனையும் பாதுகாப்பாகத் திரிவதற்கு

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கங்களில் நாய், பூனை வளர்ப்போர் எதை நடுவது என்று யோசிப்பதற்கு முன், எதைப் பிடுங்குவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இங்குள்ள குளிருக்கும் ஈரத்துக்கும் யாரும் நடாமலே தழைத்து நிற்கும் அழகான செடிகள் பலவற்றில் நஞ்சு உண்டு.

வேலியோரத்தில் பூக்கள் தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊமத்தம்பூ மரம் அவற்றுள் முதலாவது. இலை, பூ, விதை ஆகிய எதைத் தின்றாலும் பிராணியின் இதயத்துடிப்பு தாறுமாறாகும். கானோரத்தில் பூக்கும் வெள்ளைக் கல்லா லில்லியைக் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகுமே தவிர, உயிராபத்து அரிது. ஆனால் சாடிகளில் வளர்க்கும் உண்மையான லில்லி (லிலியம் இனச் செடிகள்) பூனைக்கு எமன். உரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலோ, பூ வைத்த சாடியின் நீரைக் குடித்தாலோ கூட, ஓரிரு நாள்களில் சிறுநீரகம் செயலிழந்துவிடலாம். பூனை ஏறாத இடம் என்று வீட்டில் எதுவுமில்லை என்பதால், லில்லியை உயரத்தில் வைப்பது தீர்வாகாது. அறவே தவிர்ப்பதே சரி. அலரி, ஆமணக்கு, கார்த்திகைப்பூ, அசேலியா, ஹைட்ரேஞ்சியா ஆகியவையும் வேண்டாம். ரோஜா, ஜெர்பரா, பெட்டூனியா, காசித்தும்பை, செவ்வரத்தை ஆகியவற்றை அச்சமின்றி நடலாம்.

மரக்கறிப் பாத்தியைத் தனியாகக் கம்பிவலையால் அடைப்பது நல்லது. லீக்ஸும் வெங்காயமும் நாய், பூனைகளின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். உருளைக்கிழங்கின் இலையும் பச்சையேறிய கிழங்கும் நஞ்சானவை. இவற்றைவிடக் கொடியது, கோவாப் பாத்தியில் நத்தைக்குப் போடும் மெட்டல்டிஹைட் குருணை. தானிய மாவு சேர்த்துச் செய்யப்படுவதால் நாய்க்கு அது பிஸ்கட் போல் மணக்கும். தின்ற சில மணி நேரத்துக்குள் நடுக்கமும் வலிப்பும் தொடங்கும். அதற்குப் பதிலாக, மாலையில் நனைத்த சணல் சாக்கைப் பாத்தியோரம் விரித்து, காலையில் புரட்டினால் அடியில் ஒதுங்கியிருக்கும் நத்தைகளைக் கையால் பொறுக்கிவிடலாம். தேயிலைச் சக்கையில் கஃபீன் இருப்பதால், கூட்டெருக் குழிக்கும் மூடி அவசியம்.

மழைக்காலத்தில் அட்டை பெருகும். புல்லைக் கட்டையாக வெட்டி, பாதையில் சருகு சேராமல் கூட்டி வைத்தால் அதன் தொல்லை குறையும். ஒரு நாசியில் மட்டும் இரத்தம் கசிந்து நாய் தும்மிக்கொண்டே இருந்தால், உள்ளே அட்டை புகுந்திருக்கக்கூடும். அதை வீட்டில் பிடுங்க முயலாமல் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சரிவு நிலத்தில் செடிகளைவிட வேலியே முக்கியமானது. மேற்புறத்து மண் உயரமாக இருந்தால் நாய் அங்கிருந்து எளிதில் தாண்டிவிடும் என்பதால், அந்தப் பக்கத்திலிருந்தே உயரத்தை அளக்க வேண்டும். தாண்டிய நாய்க்குத் தேயிலை மலையில் காத்திருப்பது பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தையே அத்தகைய சுருக்கில் சிக்கிப் பின்னர் இறந்தது. சிறுத்தைகளும் நாயைத் தேடி லயங்கள் வரை வருவதால், இருட்டிய பின் நாயை உள்ளே அடைப்பதே முறை.

எதையாவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால், உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தியெடுக்க வைப்பது ஆபத்து. தின்ற செடியில் ஒரு கிளையையோ, குருணைப் பொதியின் உறையையோ கையோடு எடுத்துக்கொண்டு, அறிகுறிக்குக் காத்திராமல் வைத்தியரிடம் போக வேண்டும்.