இன்னொரு வருமானம் தேடும் விவசாயக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விவசாயத்தை மட்டும் நம்பியிருக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் பயிரோடு மாடும் டிராக்டர் வாடகையும் சேர்ந்துவிட்டால் ஆபத்து குறைந்துவிட்டது என்று நினைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மழை பொய்த்தால் பயிர் போகும். அதோடு வைக்கோலும் பசுந்தீவனமும் போகும். தீவனத்தை விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாமல் மாட்டை விற்கப் போனால், ஊரே அப்போது மாட்டை விற்றுக்கொண்டிருக்கும். கேட்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். டிராக்டரையும் யாரும் உழக் கூப்பிட மாட்டார்கள். எண்ணிப் பார்த்தால் மூன்று வருமானம், மூன்றும் தொங்குவது ஒரே மழையில்.

அதனால் எதைத் தொடங்கும் முன்பும் கேட்க வேண்டியது, மழையில்லாத வருஷத்தில் இது ஓடுமா என்பதுதான். உள்ளூரில் போடும் தையல் மெஷினும் சின்னக் கடையும்கூட இதில் தப்பாது. அறுவடைக் காசு புழங்கினால்தானே ஊரில் துணி தைப்பார்கள், கடனைத் திருப்புவார்கள்? வீட்டில் ஒருவருக்காவது மாதச் சம்பளமோ, வெளியூர் வேலையோ இருப்பது இந்த இடத்தில்தான் கைகொடுக்கும்.

அடுத்தது, கடன் வாங்கி ஒரே ஒரு கறவை மாட்டைப் பிடிப்பது. பசு கன்று போட்டபின் சுமார் 10 மாதம் கறக்கும். அடுத்த ஈத்துக்கு, அதாவது அடுத்த கன்று போடுவதற்கு, முன் 2 மாதம் பாலை வற்றவிட வேண்டும். சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். ஆக, வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் கன்று போட்ட மூன்று மாதத்துக்குள் மறுபடி சினை பிடித்திருக்க வேண்டும். மாடு சினைக்கு வரும் பருவத்தைக் கவனிக்காமல் ஒரு முறை தவறவிட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று முறை தவறினால் வற்றுக்காலம் நீண்டுகொண்டே போகும். பால் நின்றாலும் தீவனச் செலவு நிற்காது, தவணையும் நிற்காது. முடிந்தால் இரண்டு மாடு, ஆறு மாத இடைவெளியில் கன்று போடும்படி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று வற்றும்போது இன்னொன்று கறக்கும். இரண்டாவது மாட்டுக்குப் பணம் இல்லை என்பார்கள், ஆனால் முதல் மாட்டுக்குப் போட்ட கொட்டகையைப் பார்த்தால் பணம் எங்கே போனது என்று தெரியும்.

வீட்டு ஆட்களின் உழைப்பை இலவசம் என்று எழுதுவது இன்னொரு தவறு. நடவும் களையெடுப்பும் அறுவடையும் வருகிற வாரங்களில் ஆள் கிடைக்காது. அதே வாரங்களிலும் மாட்டுக்கு இரண்டு வேளை கறவை உண்டு. பெரும்பாலும் அது வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. அவர்கள் வயலுக்குப் போக முடியாததால் கூலிக்கு வைத்த ஆளின் செலவைப் பால் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் சில வீடுகளில் லாபமே இருக்காது.

பக்கத்து வீட்டில் நன்றாகப் போகிறதே என்று அதையே தொடங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பத்துப் பேர் செய்தால் விலை இறங்கும். காளானுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பறித்த ஓரிரு நாளில் விற்றாக வேண்டிய பொருள் அது. வாங்குபவரைப் பிடித்துவிட்டு அப்புறம் படுக்கை போடுங்கள். தேனீப் பெட்டி வைப்பதாக இருந்தால், பூக்கும் நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் யார் என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

கடைசியாக, தனி நோட்டு. வீட்டில் குடித்த பாலையும் தின்ற முட்டையையும் வரவில் எழுதுங்கள், வயலுக்குப் போன சாணத்தையும் சேர்த்து. அப்படி எழுதியும் இரண்டு ஈத்தில் கை நஷ்டம் என்றால் விற்றுவிடலாம். கொட்டகைக்குப் போட்ட பணம் மாட்டை வைத்திருந்தாலும் திரும்பி வரப்போவதில்லை.