அறிவியல் பிஎச்.டி.: யாரிடம் சேர்வது, எப்படி விண்ணப்பிப்பது

பிஎச்.டி. பண்ணப் போகிறேன் என்று சொல்பவர்களிடம் எங்கே என்று கேட்டால் ஐந்தாறு பல்கலைக்கழகப் பெயர்கள் மடமடவென்று வரும். யாரிடம் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். முதல் தடவை விண்ணப்பித்தபோது நானும் அப்படித்தான் இருந்தேன். தரவரிசைப் பட்டியலை மேலிருந்து பார்த்து எட்டு இடங்களுக்குப் போட்டேன், எட்டிலும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் ஆட்களைத் தேடிப் போட்டேன், மதிப்பெண் அதேதான், பேட்டிக்கு மூன்று இடங்களில் கூப்பிட்டார்கள். அந்த இரண்டாவது வருடம் செய்ததைத்தான் வரிசையாக எழுதுகிறேன். விண்ணப்பக் கெடுவுக்கு ஒரு வருடம் முன்பே ஆரம்பித்தால் நிதானமாகச் செய்யலாம், ஆறு மாதத்திலும் முடிக்கலாம், ஆனால் மூச்சு வாங்கும்.

படி 1: கேள்வியையும் அன்றாட வேலையையும் சேர்த்துப் பாருங்கள்

"புற்றுநோய் ஆராய்ச்சி", "குவாண்டம்" என்பதெல்லாம் துறையின் பெயர்கள், அதை வைத்து எந்த ஆய்வகத்தையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடும் தளங்களான கூகுள் ஸ்காலரிலோ பப்மெட்டிலோ, இயற்பியல் என்றால் ஆர்க்கைவிலோ (arXiv), உங்களுக்குப் பிடித்த தலைப்பில் கடந்த இரண்டு மூன்று வருடங்களில் வந்த மறுஆய்வுக் கட்டுரை (ரிவ்யூ, அதாவது ஒரு தலைப்பில் இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்வது) ஒன்றை எடுத்துப் படியுங்கள். அதில் "இது இன்னும் தெரியவில்லை" என்று வருகிற இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பத்து கட்டுரை படித்தால் எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப உங்களை இழுக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி பிடித்தால் மட்டும் போதாது, அந்த வேலை பிடிக்க வேண்டும். மூளை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்ற கேள்வி யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அந்த ஆய்வில் ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: ஒரு மைக்ரான் அளவே உள்ள கண்ணாடிக் குழாய் முனையை ஒரு நரம்புச் செல்லின் மேல் மெதுவாகக் கொண்டுபோய் வைத்து, அது ஒட்டிக்கொண்டதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், பாதி நேரம் விட்டுப்போகும், நாள் முழுக்க உட்கார்ந்து நாலு செல்லில் நல்ல பதிவு கிடைத்தால் அன்றைக்கு நல்ல வேட்டை. சிலருக்கு இது தியானம் மாதிரி, சிலருக்குச் சித்திரவதை. நீங்கள் எந்தப் பக்கம் என்று சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு ஒரே வழி, எந்த ஆய்வகத்திலாவது சில மாதங்கள் கையால் வேலை செய்து பார்ப்பதுதான்.

படி 2: நாட்டுக்கு நாடு முறை வேறு

இதைப் புரிந்துகொள்ளாமல் விண்ணப்பித்து நேரத்தை வீணாக்குபவர்கள் நிறைய. அமெரிக்காவில் பொதுவாக நீங்கள் ஒரு பேராசிரியரிடம் விண்ணப்பிப்பதில்லை, துறைக்கோ திட்டத்துக்கோ விண்ணப்பிக்கிறீர்கள், பேராசிரியர்கள் சிலர் சேர்ந்த குழு முடிவு செய்கிறது. இளநிலைப் பட்டத்தோடு நேராகச் சேரலாம், முதுநிலை கட்டாயமில்லை. முதல் ஒன்றிரண்டு வருடம் வகுப்புகளும் தகுதித் தேர்வும் இருக்கும், முடிக்க 5 முதல் 6 வருடம் ஆகும். உயிரியல் துறைகளில் பெரும்பாலும் முதல் வருடம் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சுழற்சி முறையில் சில வாரங்கள் வேலை பார்த்துவிட்டு, பிறகுதான் ஒன்றில் நிலைப்பீர்கள்.

ஐரோப்பாவின் பெரும்பகுதியில் முதுநிலைப் பட்டம் வேண்டும், காலம் 3 முதல் 4 வருடம். ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்காண்டிநேவிய நாடுகளில் பிஎச்.டி. பெரும்பாலும் ஒரு வேலை: விளம்பரம் வரும், விண்ணப்பிப்பீர்கள், ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் தருவார்கள். ஜெர்மனியில் பல்கலைக்கழகச் சம்பளத்தை டி.வி.-எல் ஈ13 என்ற படிநிலையில் குறிப்பிடுவார்கள், அதற்குப் பக்கத்தில் 50%, 65%, 75% என்று ஒரு எண் இருக்கும், முழுச் சம்பளத்தில் அவ்வளவு பங்குதான் தருவார்கள் என்று அர்த்தம். விளம்பரத்தில் முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள். மாக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகள், ஈ.எம்.பி.எல். (ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம்) போன்ற இடங்களில் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மொத்தமாக ஆள் எடுப்பார்கள், மற்ற விளம்பரங்கள் எந்த மாதத்திலும் வரலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் மேரி கியூரி முனைவர் வலையமைப்பு இடங்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு: எந்த நாட்டில் சேர்கிறீர்களோ அங்கே சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. அதாவது வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு இது சாதகமான கதவு, பலருக்கு இது தெரிவதே இல்லை.

பிரிட்டனில் சேர்க்கை கிடைப்பதும் பணம் கிடைப்பதும் பல இடங்களில் இரண்டு தனி விஷயங்கள். இடம் கிடைத்துவிட்டது என்று கொண்டாடிவிட்டு, நிதி இல்லை என்று பிறகு தெரிந்து உடைந்துபோனவர்களை எனக்குத் தெரியும். அறிவியல் பிஎச்.டி.க்குக் கைக்காசு போட்டுப் படிக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. கல்விக் கட்டணமும் மாதாந்திர உதவித்தொகையும் அவர்கள் தர வேண்டும், தராவிட்டால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

படி 3: ஆட்களின் பட்டியல்

ஒரு எக்செல் தாளைத் திறந்து, படி 1-ல் பிடித்த கட்டுரைகளைப் பாருங்கள். அறிவியல் கட்டுரைகள் பெரும்பாலானவற்றில் முதல் பெயர் வேலையைச் செய்த மாணவர் அல்லது போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்துவிட்டு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்), கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். கணிதம், துகள் இயற்பியல் போன்றவற்றில் அகர வரிசையில் போடுவார்கள், அங்கே இந்தக் கணக்கு செல்லாது. கடைசிப் பெயர்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொருவரின் ஆய்வகப் பக்கத்துக்கும் போங்கள்.

அங்கே நான் முதலில் பார்ப்பது முன்னாள் மாணவர்கள் பட்டியலை. எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை வருடத்தில், இப்போது எங்கே இருக்கிறார்கள், பாதியில் காணாமல் போனவர்கள் உண்டா? பழைய பக்கத்தில் இருந்த மாணவர் ஒருவர் புதிய பக்கத்தில் இல்லை, முடித்தவர் பட்டியலிலும் இல்லை என்றால் அது ஒரு தகவல். ஒருவர் இப்படி இருந்தால் சகஜம், மூன்று பேர் என்றால் யோசியுங்கள்.

அடுத்தது பணம். அமெரிக்காவில் யாருக்கு எவ்வளவு ஆராய்ச்சி நிதி, எப்போது முடிகிறது என்பது பொதுவில் கிடைக்கிறது: தேசிய சுகாதார நிறுவனத்தின் ரிப்போர்ட்டர் என்ற தளத்திலும் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் விருதுத் தேடல் பக்கத்திலும் பெயரைப் போட்டால் வந்துவிடும். நிதி அடுத்த வருடம் முடிகிறது என்பதாலேயே ஒருவரை ஒதுக்க வேண்டாம், அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியாகக் குறித்துவையுங்கள்.

இளம் உதவிப் பேராசிரியரா, மூத்த பெரிய பேராசிரியரா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இளையவர் பக்கத்தில் நின்று சொல்லித்தருவார், ஆனால் அவருக்கே வேலை நிரந்தரமாகியிருக்காது. மூத்தவரின் பரிந்துரைக்கு மதிப்பு அதிகம், ஆனால் மாதம் ஒருமுறைதான் பார்க்க முடியலாம். கையோடு சொல்லித்தர ஆள் வேண்டும் என்று நினைப்பவர் இளையவரிடம் போகலாம். எங்கே போனாலும் அந்த இடத்தில் உங்களுக்குப் பொருந்துகிறவர் குறைந்தது இரண்டு மூன்று பேராவது இருக்க வேண்டும். ஒரே ஒருவரை நம்பிப் போனால், அவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் நீங்கள் நடுத்தெருவில்.

படி 4: மின்னஞ்சல்

கெடுவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு அனுப்புங்கள். சுழற்சி முறை இருக்கும் அமெரிக்கத் திட்டங்களில் இது அவ்வளவு அவசியமில்லை, மற்ற இடங்களில் இதுவே முதல் படி. "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, உங்கள் ஆராய்ச்சி மிகவும் ஆர்வமூட்டுகிறது, வாய்ப்புத் தர வேண்டுகிறேன்" என்ற கடிதம் அவருக்கு வாரத்துக்குப் பல வருகிறது, அப்படியே அழித்துவிடுவார். நான் எழுதியதன் சாரம் இது:

"உங்கள் கடைசிக் கட்டுரையின் மூன்றாம் படத்தில், வெப்பநிலை கூடும்போது சமிக்ஞை குறைகிறது, ஆனால் ஒரு மாதிரியில் மட்டும் குறையவில்லை. அதற்குக் காரணம் மாதிரியின் தூய்மையா, வேறு ஏதாவதா என்று பார்த்தீர்களா? இதே பொருளோடு நான் எட்டு மாதம் வேலை பார்த்திருக்கிறேன், எனக்கும் இப்படி ஒன்று வந்தது. வரும் ஆண்டில் மாணவர் எடுக்கிறீர்களா?"

அதோடு ஒரு பக்க சுயவிவரம், அவ்வளவுதான். ஐந்து வரிக்கு மேல் போகாதீர்கள். கட்டுரையை உண்மையிலேயே படித்திருந்தால்தான் இப்படி எழுத முடியும், அதனால்தான் இதற்குப் பதில் வருகிறது. இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அப்புறம் விட்டுவிடுங்கள்.

படி 5: விண்ணப்பக் காகிதங்கள்

நோக்க அறிக்கை, அதாவது எஸ்.ஓ.பி., ஒன்றிரண்டு பக்கம்தான், ஆனால் அதிக நாள் பிடிப்பது இதுதான். என் முதல் அறிக்கை "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம் உண்டு" என்று ஆரம்பித்தது. படிப்பவருக்கு இதிலிருந்து என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாது. இப்போது யாராவது என்னிடம் அறிக்கையைக் காட்டினால், முதல் பத்தியை அடித்துவிட்டு இப்படி ஒன்றை எழுதச் சொல்வேன்:

"இந்த ஜீனை நீக்கினால் ஈஸ்ட் செல்கள் 37 டிகிரியில் வளராது என்று எதிர்பார்த்தோம். வளர்ந்தன. நீக்கம்தான் சரியாக நடக்கவில்லையோ என்று பி.சி.ஆர். (டி.என்.ஏ. சோதனை) போட்டுப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. அதே வேலையைச் செய்யக்கூடிய இன்னொரு ஜீனைத் தேடி, இரண்டையும் சேர்த்து நீக்கியதும் செல்கள் வளரவில்லை."

நாலைந்து வரிதான். ஆனால் இவர் எதிர்பாராதது வந்தால் என்ன செய்வார், முதலில் எதைச் சந்தேகிப்பார் என்று தெரிந்துவிடுகிறது. குழு தேடுவது அதைத்தான். இதன் பிறகு அடுத்து எந்தக் கேள்வியில் வேலை செய்ய ஆசை, இந்த இடத்தில் யார் யாரோடு, ஏன் என்று எழுதுங்கள். அந்தக் கடைசிப் பகுதி ஒவ்வொரு இடத்துக்கும் புதிதாக எழுதப்பட வேண்டும். வேறு பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்ற மறந்து அனுப்புவது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது, அனுப்புமுன் ஒருமுறை பெயரைத் தேடிப் பாருங்கள்.

பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் மூன்று. உங்களோடு ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் எழுதும் கடிதம், உங்களைத் தெரியாத பெரிய ஆள் எழுதும் கடிதத்தைவிடப் பல மடங்கு மேல். ஆறு எட்டு வாரம் முன்பே, "எனக்கு வலுவான கடிதம் எழுத முடியுமா" என்று அதே வார்த்தையில் கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். சரி என்றால் சுயவிவரம், அறிக்கையின் வரைவு, கெடு தேதிகள், அவரோடு நீங்கள் செய்த வேலை பற்றி நினைவூட்டும் சில வரிகள் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் கொடுத்துவிடுங்கள். அமெரிக்க விண்ணப்பத்தில் கடிதத்தைப் பிற்காலத்தில் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். விட்டுக்கொடுங்கள், அப்போதுதான் கடிதம் மனம்விட்டு எழுதப்பட்டது என்று படிப்பவர் நம்புவார்.

ஜி.ஆர்.ஈ. என்ற பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வைப் பல அறிவியல் துறைகள் இப்போது கேட்பதே இல்லை, சில இடங்கள் கொடுத்தாலும் பார்ப்பதில்லை. பணம் கட்டுமுன் ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் பாருங்கள். ஜி.ஆர்.ஈ. மதிப்பெண் 5 வருடம், டோஃபெல், ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண் 2 வருடம் செல்லும். விண்ணப்பக் கட்டணம் கஷ்டம் என்றால் சமர்ப்பிக்குமுன்பே துறை அலுவலகத்துக்கு எழுதி விலக்குக் கேளுங்கள், தருகிற இடங்கள் உண்டு. அமெரிக்கக் கெடுக்கள் பெரும்பாலும் டிசம்பரில் வந்து விழும்.

படி 6: பேட்டி

அமெரிக்க இடங்களிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வாக்கில் அழைப்பு வரும். உங்கள் சொந்த வேலையை இரண்டு நிமிடத்தில், பத்து நிமிடத்தில், இரண்டு விதமாகவும் சொல்லிப் பழகுங்கள். ஏன் இந்தச் சோதனையைச் செய்தீர்கள், ஏன் வேறு முறையில் செய்யவில்லை, இதுதான் கட்டாயம் வரும் கேள்வி. தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்துகொள்ள என்ன செய்வேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 7: தேர்ந்தெடுப்பது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஒன்றுக்கு மேல் கிடைத்தால் ஒவ்வொரு ஆய்வகத்திலும் இப்போது இருக்கும் மாணவர்கள் இரண்டு பேரிடமாவது, பேராசிரியர் இல்லாத அழைப்பில் பேசுங்கள். "உங்கள் கைடு நல்லவரா" என்று கேட்டால் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். போன வாரம் எத்தனை முறை அவரோடு பேசினீர்கள்? கடைசியாக ஒரு சோதனை தோற்றபோது அவர் என்ன சொன்னார்? வரைவு கொடுத்தால் எத்தனை நாளில் திரும்ப வரும்? கடைசியாக எப்போது விடுப்பு எடுத்தீர்கள்? இவற்றைக் கேளுங்கள். நான் ஒரு மாணவியிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டபோது அவர் சில நொடிகள் பேசவில்லை, பிறகு "எழுத்தில் வேண்டாம், போனில் சொல்கிறேன்" என்றார். அந்த இடத்தை நான் எடுக்கவில்லை.

பண விஷயத்தில் எல்லாம் எழுத்தில் வேண்டும்: எத்தனை வருடத்துக்கு உறுதி, கற்பித்தல் வேலை எவ்வளவு, மருத்துவக் காப்பீடு உண்டா, கோடைக்காலத்திலும் உதவித்தொகை வருமா. தொகையை மட்டும் ஒப்பிடாமல் அந்த ஊர் வாடகையோடு வைத்துப் பாருங்கள்.

இன்றே பதில் சொல் என்று யாராவது நெருக்கினால் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகள் கவுன்சிலின் ஏப்ரல் 15 தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு வந்த அழைப்புக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கவுன்சிலின் தளத்தில் பார்க்கலாம். ஐரோப்பாவில் இந்த விதி இல்லை, அங்கே இன்னும் எத்தனை நாள் தருவீர்கள் என்று நேராகக் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் தருவார்கள்.

முடிவு செய்த அன்றே மற்ற இடங்களுக்கு நன்றி சொல்லி மறுத்து எழுதிவிடுங்கள், காத்திருப்புப் பட்டியலில் ஒருவர் உங்கள் மின்னஞ்சலுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் கடிதம் எழுதித் தந்த மூன்று பேருக்கும் எங்கே சேர்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.