திருக்கோணமலையிலிருந்து கதிர்காமத்துக்கு: வறண்ட காட்டுவழி நடப்போர் அறியவேண்டியவை

கோணேசப் பெருமானை வணங்கிச் சுவாமிமலையிலிருந்து இறங்கிக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை புறப்படுகிறவர்கள், இந்த வழி இரண்டு கூறானது என்பதை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும். பாணமை வரை ஊர்களும் கோயில்களும் உண்டு. மறந்துபோன பொருளை வழியில் வாங்கிக்கொள்ளலாம். பாணமைக்கு அடுத்துள்ள உகந்தை முருகன் கோயிலுக்கு அப்பால், குமணக் காட்டையும் யால காட்டையும் ஊடறுத்துப் போகும் ஐந்தாறு நாள் வழியில் கடையும் இல்லை, வீடும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமற்ற கச்சான் காற்றாகக் கிழக்கே இறங்குவதால், ஆனி, ஆடி மாதங்களில் அந்த நிலம் பிளந்து காய்ந்து கிடக்கும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்று பழந்தமிழர் வகுத்ததை நான் அங்கே நடந்துதான் விளங்கிக்கொண்டேன்.

புறப்படும் நாளைப் பின்னிருந்து முன்னாகக் கணக்கிடவேண்டும். கதிர்காமத் திருவிழா, சிங்கள மாதமாகிய எசலவின் முழுநிலவையொட்டி நிறைவுறுகிறது. அதற்கு ஏற்ப உகந்தையின் காட்டுப்பாதை ஆண்டுதோறும் சில நாட்களுக்கு மட்டுமே திறக்கப்படும். திறக்கும் நாளும் மூடும் நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அரசின் அறிவித்தலைப் பார்த்த பின்னரே நாள் குறியுங்கள். திருக்கோணமலையிலிருந்து உகந்தை 250 கிலோமீற்றருக்கு மேல். நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீற்றர் என்று வைத்து, கோயில்களில் தங்கும் நாட்களையும் சேர்த்தால், மூன்று வாரம் கையில் இருக்கவேண்டும். அவ்வளவு விடுமுறை கிடைக்காதவர்கள் பொத்துவில் வரை பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்வதில் குறை எதுவும் இல்லை.

கரையோர வழியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தைக் கடந்து, மூதூர், ஈச்சிலம்பற்று வழியாக வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலை அடைந்து, அங்கிருந்து வாகரை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று இறங்கிப் போகவேண்டியதுதான். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து வரும் அடியார்களும் இவ்வழியே வருவதால், அவர்களோடு சேர்ந்துகொள்வது நல்லது. இந்த மூன்று வாரங்களைக் காலைப் பழக்குவதற்கான காலமாகவே நான் கருதுகிறேன். எந்தச் செருப்பு கடிக்கிறது, எந்தப் பை தோளை அறுக்கிறது என்பதெல்லாம் வெருகலுக்கு முன்பே தெரிந்துவிட்டால், மாற்றிக்கொள்ள வழியுண்டு.

காட்டுக்குள் எல்லாக் கணக்கும் தண்ணீர்க் கணக்குத்தான். அண்மைக் காலத்தில் சில தரிப்பிடங்களில் தண்ணீர்த் தாங்கிகள் வைக்கப்படுகின்றன என்றாலும், நீங்கள் போய்ச் சேரும் நேரத்தில் அவை நிறைந்திருக்கும் என்று நம்பி நடக்கக்கூடாது. உகந்தையை விட்டுப் புறப்படும்போது ஆளுக்கு நான்கு லீற்றருக்குக் குறையாமல் சுமக்கவேண்டும் என்பதே என் எண்ணம். நான் முதன்முறை போனபோது ஒன்றரை லீற்றர்ப் போத்தல் ஒன்றே போதும் என்று எண்ணிவிட்டேன். மறுநாள் பதினொரு மணிக்கு அது முடிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, ‘அரோகரா’ என்று சொல்லக்கூட எனக்குக் குரல் எழவில்லை. சம்பூரிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர் தம் செம்பைச் சரித்து, “கொஞ்சம் கொஞ்சமா வாய நனைச்சுக் குடியுங்கோ சாமி, மடமடவெண்டு குடிக்கக்கூடாது” என்றார். அன்றிலிருந்து என் தேவைக்கு மேல் ஒரு லீற்றரை இன்னொருவருக்காகச் சுமக்கிறேன். எல்லோரும் அப்படிச் செய்யவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

குமணக்கும் யாலவுக்கும் எல்லையாகிய கும்புக்கன் ஆற்றுப் படுகையில், ஓடும் நீரை அள்ளிக் குடிப்பதைவிட ஊற்றுத் தோண்டிக் குடிப்பது மேல். கரையோரத்து மணலில், நீரோட்டத்திலிருந்து நாலைந்து முழம் தள்ளி, முழங்கை ஆழத்துக்குக் கையாலோ சிரட்டையாலோ தோண்டுங்கள். முதலில் கலங்கிய நீர் சுரக்கும். அதை இரண்டு மூன்று முறை இறைத்து வெளியே ஊற்றிவிட்டுப் பொறுத்திருந்தால், மணல் அடங்கித் தெளிந்த நீர் ஊறும். கழிமுகத்துக்கு அருகே தோண்டினால் உவர்க்கும் என்பதால் மேலே ஏறித் தோண்டுங்கள். தெளிவாக இருந்தாலும் துணியில் வடித்து, கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், நீரில் கரைத்துக் குடிக்கும் ‘ஜீவனி’ என்ற உப்பு-சீனித் தூள் பக்கற்றுகள் சிலவற்றைப் பையில் வையுங்கள். அது இல்லாதபோது, ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியைத் தட்டையாக வழித்து அளந்து, கரைத்துக் குடிக்கலாம்.

நடக்கும் நேரத்தையும் வெயிலே தீர்மானிக்கிறது. நிலம் தெளிவாகத் தெரியும் அளவுக்கு விடிந்ததும் புறப்பட்டுப் பத்து மணிக்குள் நிழலில் ஒதுங்கி, மூன்றரைக்குப் பின் மீண்டும் நடந்து, இருட்டுமுன் தரிப்பிடம் சேரவேண்டும். இருட்டில் நடந்தால் யானையைக் கண்டு விலக நேரம் கிடைக்காது. யானையைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். கரடியைப் பற்றிச் சொல்வோர் குறைவு. யாத்திரைக் காலமும் பாலைப்பழம் பழுக்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. மஞ்சளான அந்தச் சிறு பழம் பால்பிசினோடு தேனாக இனிக்கும், நாமும் பொறுக்கித் தின்போம். கரடிக்கோ அது உயிர். மரப்பட்டையில் புதிய நகக்கீறல் கண்டால், அல்லது மேலே கிளை முறியும் ஓசை கேட்டால், குனிந்து பழம் பொறுக்காமல் பேசிக்கொண்டே அப்பால் போய்விடவேண்டும். கூட்டத்தைவிட்டு ஒருவர்கூடத் தனியே போகக்கூடாது. வேல் தாங்கிச் செல்பவர் நின்றால் எல்லோரும் நிற்கவேண்டும்.

உணவு இலேசாக இருக்கட்டும். அவல், பனங்கட்டி, வறுத்த கச்சான் (நிலக்கடலை), சத்துமா, தேசிக்காய் ஆகியவை பழுதாகாமல் பசி தாங்கும். அரிசியையும் பருப்பையும் கூட்டமாகப் பங்கிட்டுச் சுமந்து ஒருவேளை சமைத்தால் போதும். வெறுங்காலோடு நடப்பது நேர்த்தி என்றால், சுடுமணல் நேரத்தைக் கட்டாயம் தவிருங்கள். கொப்புளத்தின் தோலை உரிக்கவேண்டாம்; அது உடையாமல் சுத்தமான துணியால் கட்டுங்கள். முள்ளுவாங்கி இல்லாமல் காட்டுக்குள் போகவே கூடாது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள், மருத்துவரிடம் கேட்டுவிட்டு, மருந்தைக் கணக்கிலும் இரண்டு நாள் கூடுதலாக எடுத்துச் செல்லவேண்டும். பொலித்தீன் பை ஒன்றைக்கூட அங்கே விட்டுவராதீர்கள். அந்தக் காட்டை முருகனும் வள்ளியும் உலவிய இடமென்று நம்பித்தானே நடக்கிறோம்.

கதிர்காமம் சேர்ந்ததும் மாணிக்க கங்கையில் நீராடி, மாற்றுத் துணி உடுத்திச் சந்நிதிக்குப் போகலாம். உடுத்திவந்த துணியை ஆற்றில் விடும் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது. அங்கே கருவறை திறப்பதில்லை; முருகன் உருவம் எழுதிய திரைச்சீலையின் முன்னேதான், வாய்கட்டிய கப்புறாளை என்னும் சிங்களப் பூசகரின் பூசையைக் கண்டு வணங்கவேண்டும். வணங்கி முடிந்த கையோடு பஸ் ஏறிவிடாமல், ஒரு நாளாவது மடத்தில் காலை உயர்த்திவைத்துப் படுத்து, வீக்கம் வற்றிய பின் திருக்கோணமலைக்குப் புறப்படுங்கள்.